பாழ் என்று எழுதப்பட்ட மலைகள்: கண்டி நாட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லின் சட்ட வரலாறு

1840ஆம் ஆண்டு இலங்கையின் பிரித்தானிய அரசாங்கம் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அரசின் காணிகளுக்குள் பிறர் அத்துமீறுவதைத் தடுப்பதற்கான சட்டம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் ஆறாம் பிரிவு, காடு, ‘வேஸ்ட்’, எவரும் வாழாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக எண்பிக்கப்படும் வரையில், முடிக்கு உரியவை என்றே கொள்ளப்படும் என விதித்தது. முடி என்பது இங்கே பிரித்தானிய அரசபீடத்தையும் அதன் பெயரால் ஆளும் அரசாங்கத்தையும் குறிக்கும். அப்பிரிவு அடுக்கிய நான்கு வகைகளில் காட்டையும் குடியையும் பயிரையும் நேரில் பார்த்து ஒருவாறு தீர்மானித்துவிடலாம்; ‘வேஸ்ட்’ என்பதைப் பார்வையால் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் அது நிலத்தின் தோற்றத்தைச் சொல்வதுபோல ஒலித்தாலும் உண்மையில் நிலத்தைப் பற்றிய ஒரு மதிப்பீட்டையே சொல்கிறது. பாழ், வெறுமை, ஆளற்ற தன்மை, பயனின்மை ஆகிய பொருள்களை ஒருங்கே சுமந்த அந்தச் சொல் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் என்ன செய்தது என்பதை ஆராய்ந்தால், வெறுமை அங்கே கண்டறியப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை என்பதும், முதலில் பதிவேட்டில் எழுதப்பட்டுப் பின்னரே நிலத்தில் உண்டாக்கப்பட்டது என்பதும் தெளிவாகும்.

சொல்லின் பழைய பொருள்கள்

வெறுமையைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. ‘டெசலேட்’ என்பது தனிமை என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்து, உடனிருந்தோர் நீங்கிப்போக எஞ்சிநிற்கும் தனிமையை உணர்த்தும். ‘பிளீக்’ என்பது நிறம் வெளிறிய தன்மையிலிருந்து வளர்ந்து, மறைப்பும் வெப்பமும் இன்றிக் காற்றுக்குத் திறந்துகிடக்கும் இடத்தைச் சுட்டும். இவை இரண்டும் பெரும்பாலும் மனநிலையையும் காட்சியையும் வருணிக்கும் சொற்களாகவே நின்றுவிட்டன. ‘வேஸ்ட்’ அவ்வாறு நிற்கவில்லை. ‘வாஸ்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அது, தொடக்கம் முதலே வெற்றிடம் என்ற பொருளையும் அழிக்கப்பட்ட இடம் என்ற பொருளையும் சேர்த்தே தாங்கியிருந்ததோடு, நெடுங்காலமாக வரி, உடைமை, சட்டம் ஆகியவற்றின் சொல்லாகவும் இருந்துவந்தது.

இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானிய மன்னன் முதலாம் வில்லியம் 1069–70இல் அந்நாட்டின் வடபகுதியைத் தீயிட்டு அழித்தான். அவன் ஆணையால் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் பெரும் நிலப்பதிவேடு, யோர்க்சயர்ப் பகுதியின் ஏராளமான ஊர்களுக்கு எதிரே பாழ் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைக் குறித்துச் சென்றது. அச்சொல் படையால் அழிந்த ஊரைக் குறிக்கிறதா, அன்றி வரி வராத ஊரையும் தகவல் கிடைக்காத ஊரையும் சேர்த்தே குறிக்கிறதா என்பது வரலாற்றறிஞரிடையே இன்றும் விவாதத்துக்குரியதாக இருக்கிறது. இந்த ஐயமே சொல்லின் இயல்பை வெளிப்படுத்துகிறது: வரி எழுதுவோன் தன் ஏட்டில் ஒன்றும் எழுத இயலாத இடத்தில், நிலத்தில் எவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாழ் என்று எழுதினான்.

பிற்கால ஆங்கிலப் பண்ணை முறையில், உழப்படாது விடப்பட்டு ஊரார் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை கொண்டிருந்த பொதுநிலமும் இதே சொல்லால் அழைக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மெய்யியலாளர் ஜோன் லொக், உழைப்பே உடைமைக்கு அடிப்படை என்றும், மேய்ச்சலாலோ உழவாலோ பயிரிடுதலாலோ மேம்படுத்தப்படாது இயற்கையின் போக்கிலேயே விடப்பட்ட நிலம் பாழ் எனப்படுகிறது என்றும் எழுதியபோது, வரி ஏட்டின் சொல் ஒரு நியாயத்தின் சொல்லாகவும் மாறியது. உழைப்பு என்பது வேலியும் உழுசாலும் கண்ணுக்குத் தெரியும் உழைப்பே என்று கொள்ளப்பட்டதால், வேறு முறையில் நிலத்தைப் பயன்கொண்டவர்களின் உழைப்பு அந்த நியாயத்தில் இடம்பெறவில்லை.

தமிழ் மரபு வெறுமையை வேறுவிதமாக எண்ணியது. ஐந்திணைப் பாகுபாட்டில் பாலைக்குத் தனக்கென ஒரு நிலம் இல்லை; முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நிலம் பிறப்பிலேயே பாழ் என்று கொள்ளாமல், ஒரு காரணத்தால் அந்நிலைக்கு வந்துசேர்கிறது என்று அவ்விளக்கம் கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பரப்பில் வரி விதிக்கப்படாத பகுதிகளைக் கழித்துக் காட்டுகையில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என ஒவ்வொன்றையும் அதனதன் பயன்பாட்டால் பெயரிட்டுச் சொல்கின்றன. அச்சமூகம் சமத்துவம் உடையது அன்று என்பதை அச்சேரிப் பெயர்களே காட்டுகின்றன. ஆயினும் வரி இல்லாத இடம் ஆளில்லாத இடம் ஆகிவிடவில்லை என்ற வேறுபாட்டை அந்தப் பதிவுமுறை காத்துக்கொண்டது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் கண்டி நாட்டில் அழித்தது இத்தகைய வேறுபாட்டையே.

கண்டி நாட்டின் நிலம்

1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானியர் வசமான கண்டி இராச்சியத்தில், ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் ஒரே துண்டு நிலத்தில் அடங்கியதன்று. பள்ளத்தாக்கின் அடியில் நீர் பாயும் நெல்வயலும், அதற்குச் சற்று மேலே பலாவும் தென்னையும் கமுகும் மிளகும் கலந்து வளர்ந்த வீட்டுத்தோட்டமும், அதற்கும் மேலே சேனையும், உச்சிச் சரிவுகளில் காடும் புல்வெளியும் என அடுக்கடுக்காக அமைந்த நிலங்களின் தொகுதியே ஊர் எனப்பட்டது. சேனை என்பது காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, குரக்கன் முதலிய புன்செய்த் தானியங்களையும் காய்கறிகளையும் ஓரிரு போகம் விளைவித்தபின், மண் வளம் மீள்வதற்காகப் பல ஆண்டுகள் காடாகவே விட்டுவிடும் சுழற்சிப் பயிர்ச்செய்கையாகும். அவ்வாறு விடப்பட்ட ஆண்டுகளில் அந்நிலத்தைப் பார்க்கும் அந்நியருக்கு அது பற்றைக்காடாகவே தோன்றும்; ஊராருக்கோ அது இன்னாரின் முறை வரும்வரை காத்திருக்கும் வயலாகும்.

காடும் இவ்வாறே. எருமைகளுக்கு மேய்ச்சல், கூரைக்குப் புல், கலப்பைக்கு மரம், மருந்துக்கு வேர், கித்துளிலிருந்து பாணியும் கருப்பட்டியும் என்று ஊர்ப் பொருளாதாரத்தின் ஒரு பாதி காட்டிலேயே இருந்தது. சில காடுகளுள் எவரும் கோடரியுடன் நுழையக்கூடாது என்று மன்னரே தடை விதித்திருந்தனர். தலதா மாளிகை என்னும் பௌத்த ஆலயத்துக்குப் பின்னால் எழும் உடவத்தக்கலை, அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்ற பொருளுடைய பெயரால் வழங்கிய அரச காடாகும். கண்டி நகரத்தின் கூரைகளுக்கு மேலே இன்றும் சுமார் நூறு ஹெக்டேயர் பரப்பில் அது நிற்கிறது. இராச்சியத்தின் எல்லைக் காடுகளோ படையெடுப்பைத் தடுக்கும் அரணாகப் பேணப்பட்டு, முட்கதவுகள் இட்ட ஒடுங்கிய வழிகளால் மட்டுமே கடக்கப்பட்டன. வெட்டாமல் விடுவதும் ஒரு பயன்பாடே என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் உழுத நிலத்தை மட்டுமே உடைமையாகக் கண்ட சட்டத்துக்கு, காவற்காடும் கைவிட்ட காடும் ஒன்றாகவே தெரிந்தன.

எண்பிக்கும் பொறுப்பு யாருக்கு?

1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமை, வெறுமை என்பதை அரசு எண்பிக்கத் தேவையில்லை என்று ஆக்கியதில் இருந்தது. கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து தோம்பு எனப்படும் காணிப் பதிவேடுகள் இருந்தன; கண்டி மாகாணங்களில் அவ்வாறான தோம்புகள் இல்லை என்பதைச் சட்டமே எடுத்துச்சொல்லி, அந்த இன்மையையே காரணமாக்கி, அங்குள்ள சேனைகள் அனைத்தும் முடிக்கு உரியவை என்று அறிவித்தது. அவற்றைத் தமது என்று கோருவோர், மன்னர் வழங்கிய சன்னஸ் எனப்படும் கொடைப் பட்டயத்தை எல்லைகளுக்கான சான்றுடன் காட்ட வேண்டும், அல்லது அந்நிலத்துக்காக வழக்கமான வரியோ ஊழியமோ இருபது ஆண்டுகளுக்குள் செலுத்தப்பட்டதை நிறுவ வேண்டும் என்றது. சன்னஸ் என்பது பிரதானிகளுக்கும், பௌத்த விகாரைகளுக்கும், தெய்வங்களுக்கான தேவாலயங்களுக்கும் கிடைத்த பேறு. வயலும் சேனையும் செய்து வாழ்ந்த சாதாரணக் குடியானவனிடம் செப்பேடு இருக்க வாய்ப்பில்லை. அவனுடைய உரிமை ஊராரின் நினைவிலும் தலைமுறை வழக்கத்திலும் இருந்தது. அவை இரண்டும் எழுத்துச் சான்றுகள் அல்ல.

இதன் விளைவைக் கோயில் நிலங்களின் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விகாரை, தேவாலயக் காணிகளைப் பதிவு செய்வதற்கு 1856இல் தனிச் சட்டம் வந்தது. ஏடுகளும் பட்டயங்களும் வைத்திருந்த நிறுவனங்கள் அதன் வழியே தம் உரிமையின் பெரும்பகுதியை நிலைநாட்ட முடிந்தது. ஆக, பாழ் என்பதற்கும் உடைமை என்பதற்கும் இடையிலான எல்லைக்கோடு, பயிர் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையே ஓடாமல், ஏடு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே ஓடியது. 1897ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறையை மேலும் இறுக்கியது. காடு, சேனை, பாழ், குடியற்ற நிலம் எனக் கருதப்பட்டவற்றுக்கு அறிவித்தல் வெளியிட்டு, மூன்று மாதத்துக்குள் கோரிக்கை வராவிட்டால் அவை முடியின் சொத்து என்று பிரகடனப்படுத்தலாம் என்று அது இடமளித்தது. கோரிக்கை எழாமையே நிலம் வெறுமையானது என்பதற்குச் சான்றாயிற்று.

காடு விழுந்த விதம்

சட்டம் வந்த காலம் தற்செயலானது அன்று. 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்டும், பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொருவவில் தேசாதிபதி எட்வர்ட் பான்சும் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1830களின் பிற்பகுதியில் பெரும் வேட்கையாக மாறியது. முடிக்குரிய காணி ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டது; வாங்கியவர்களுள் அரசாங்க உத்தியோகத்தர்களும், சட்டம் இயற்றப்பட்டபோது தேசாதிபதியாயிருந்த ஸ்டூவர்ட் மெக்கென்சியும் அடங்குவர். 1844இல் விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. சட்டத்தை எழுதுவோரும் நிலத்தை வாங்குவோரும் ஒரே வட்டத்தினராக இருந்த சூழலில், ‘வேஸ்ட்’ என்ற சொல் எவ்வளவு வசதியானதாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

காட்டை அழித்த முறையைத் தோட்டத்துரைமாரின் குறிப்புகளே விரிவாகச் சொல்கின்றன. சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாக மரங்களைப் பாதியளவு வெட்டி நிற்கவிடுவார்கள். உச்சியில் நிற்கும் பெருமரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்க்க, அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, கொடிகளால் பின்னிக்கிடந்த மரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே பேரொலியுடன் சரிவு முழுதும் படுத்துவிடும். சில வாரம் காயவிட்டுத் தீ வைத்தபின், சாம்பல் படிந்த மண்ணில் கயிறு பிடித்துக் குழி தோண்டிக் கோப்பிக் கன்று நட்டார்கள். வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்தவர்களுள் அயலூர்ச் சிங்களக் கிராமத்தவர் பலர் இருந்தனர். நட்டுக் களையெடுத்துப் பழம் பறித்தவர்கள், தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னாரில் வந்திறங்கி, நீரற்ற வடகாட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளை வழியே மலையேறிய தொழிலாளர்கள். வழியில் கொலராவாலும் பசியாலும் இறந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை.

உயரமான காடுகளில் ஊர்கள் மிகக் குறைவு என்றும், தோட்டங்கள் முழுவதும் கிராமத்தவரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பது மிகைக்கூற்று என்றும் வரலாற்றறிஞர் மைக்கேல் ரொபர்ட்ஸ் போன்றோர் வாதிட்டுள்ளனர். கிராமியப் பொருளாதாரத்தின் அடித்தளமே சிதைந்தது என்பது அசோகா பண்டாரகே போன்றோரின் நிலைப்பாடு. இரண்டிலும் உண்மை உண்டு. நான்காயிரம் அடிக்கு மேற்பட்ட அடர்காட்டில் வயல் இருக்கவில்லை. ஆனால் கண்டி, ஹேவாஹெட்ட, மாத்தளைப் பகுதிகளின் நடுத்தர உயரங்களில் சேனையும் மேய்ச்சலும் தோட்டங்களோடு நேருக்கு நேர் மோதின. பழைய வழக்கப்படி மேயச் சென்ற எருமைகள் இப்போது கோப்பிக்குள் அத்துமீறிய எருமைகள் ஆயின. அவற்றைப் பிடித்துவைப்பதும் தண்டம் கேட்பதும் அன்றாடச் சச்சரவாயின. சொல் மாறியவுடன், வழக்கம் குற்றமாக மாறியது.

இலையில் வந்த அழிவு

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பூஞ்சையியலாளர்கள் பார்க்கிலியும் புரூமும் அதற்கு ‘ஹெமிலேயா வாஸ்டாட்றிக்ஸ்’ என்று பெயரிட்டனர். ‘வாஸ்டாட்றிக்ஸ்’ என்றால் பாழாக்குபவள் என்று பொருள். ‘வேஸ்ட்’ என்ற சொல்லின் அதே இலத்தீன் வேரே இங்கும் வருகிறது. பலவகை மரங்கள் நின்ற காடுகளைப் பாழ் என்று கூறி அழித்து, ஒரே இனச் செடியைச் சரிவு முழுதும் இடைவெளியின்றி நட்டதே அந்தப் பூஞ்சைக்கு வழி அமைத்தது. காற்றில் பறந்த வித்திகளைத் தடுக்க இடையில் வேறு மரம் இல்லை. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி நோயை ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அது பரவும் விதத்தை விளக்கினாலும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. 1870களின் இறுதியில் சுமார் 275,000 ஏக்கரை எட்டிய கோப்பி அடுத்த பத்தாண்டில் சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை, கோப்பி விட்ட இடத்தை நிரப்பியது. கண்டி மலைகள் மெய்யாகவே வெறுமை கண்டது, அவை வெறுமையானவை என்று எழுதப்பட்டதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே.

இரு மக்களின் இழப்பு

கண்டிக் குடியானவரின் நிலமின்மையை ஆராய 1949இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1951இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கிராமங்கள் தோட்டங்களால் சூழப்பட்டு விரிவதற்கு இடமின்றி நெருக்குண்ட நிலையை அது எடுத்துக்காட்டியது. அந்த ஆதங்கம் உண்மையானது. ஆனால் அது அரசியல் மேடைகளில் சென்று சேர்ந்த முகவரி தவறானது. நிலத்தைப் பாழ் என்று எழுதியது ஒரு சட்டம், வாங்கியது மூலதனம். பழி மட்டும் லயங்கள் எனப்படும் தோட்ட வரிசைவீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்மீது விழுந்தது. அத்தொழிலாளர் அம்மலைகளில் ஒரு பேர்ச்சஸ் என்னும் சிற்றளவு காணிக்கும் உரிமை அற்றவர்கள். வேலை நீங்கினால் லயத்து அறையான காம்பராவும் நீங்கும் என்ற நிலையில் தலைமுறைகளைக் கழித்தவர்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை வழியாக இலங்கைப் பிறப்பை ஆவணத்தால் நிறுவ வேண்டும் என்று கேட்டது. சேனைக் குடியானவனிடம் 1840இல் சன்னஸ் கேட்டதும், தோட்டத் தொழிலாளியிடம் 1948இல் பிறப்புப் பதிவு கேட்டதும் ஒரே முறையின் இரு வடிவங்கள்: எழுதிவைக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடமே எழுத்தைக் கேட்டு, அது இல்லாமையை உரிமை இல்லாமையாகக் கொள்ளுதல். அவ்வாறு நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 975,000 பேரை, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என்பது அதன் கணக்கு. எஞ்சியோரையும் 1974இன் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது.

இதற்கிடையே 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு நெல்வயலில் 25 ஏக்கரும் பிற நிலத்தில் 50 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்தது. 1975இன் திருத்தம் கம்பெனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. கண்டி மாவட்டத்தின் நடுத்தர உயரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, அயல் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டபோது, அவற்றில் வேலை செய்தவர்கள் பங்காளிகளாக எண்ணப்படவில்லை. வேலையும் அரிசியும் அற்றுப்போன 1973–74 ஆண்டுகளில், குடும்பம் குடும்பமாகக் கண்டியின் வீதிகளில் அலைந்தவர்களும், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்தவர்களும் பலர். கவ்வாத்து வெட்டாமல் மரமாக உயர்ந்த தேயிலையும், மானாப்புல் மூடிய மலைச்சரிவும், கூரைத் தகரம் கழற்றப்பட்ட லயங்களும் நடுமலைநாட்டின் காட்சியாயின. இந்த வெறுமைக்குத் தோற்றமும் காரணமும் தேதியும் உண்டு. இதைப் பார்த்து இங்கே எப்போதும் எவரும் இல்லை என்று எண்ணுவோர், 1840இன் பிழையையே மீண்டும் செய்கின்றனர்.

சொல்லின் இன்றைய வடிவங்கள்

1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1931இல் காணித் தீர்வுச் சட்டம் வந்தது. முடிக்குரிய காணி இன்று அரச காணியாயிற்று. ‘வேஸ்ட்’ என்ற சொல்லும் சட்டப் பேச்சிலிருந்து பின்வாங்கி, பயன்படுத்தப்படாத காணி, கைவிடப்பட்ட காணி, விளைதிறன் குறைந்த தேயிலைக் காணி என்ற புதிய பெயர்களுக்கு வழிவிட்டிருக்கிறது. தோட்டங்களின் இத்தகைய நிலங்களை எவருக்கு, எதற்காக வழங்குவது என்ற விவாதம் தொடர்கிறது. அந்நிலங்களுள் பலவற்றில் தொழிலாளர் குடும்பங்கள் மரக்கறி பயிரிடுகின்றன, மாட்டுக்குப் புல் அறுக்கின்றன, மாரியம்மன் கோயிலுக்கு வழி வைத்திருக்கின்றன, தம் முன்னோரைப் புதைத்திருக்கின்றன. இவற்றுள் எதுவும் கம்பெனியின் கணக்கேட்டில் விளைச்சலாகப் பதியப்படுவதில்லை. வீடமைப்புக்கென ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற கொள்கை 2015இன் பின்னர் நடைமுறைக்கு வந்தபோது, காணியைத் தொழிலாளர் உரிமையோடு பெறலாம் என்ற கொள்கையளவிலான ஏற்பு கிடைத்தது. ஆனால் இரு நூற்றாண்டுகளாக அந்நிலத்தை ஆக்கியவர்களின் உரிமைக்கு அந்த அளவு ஈடாகாது.

ஒரு நிலத்தைப் பாழ் என்று அழைப்பது, அந்நிலத்துக்கும் பதிவேட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிலத்தின்மேல் ஏற்றிச் சொல்வதாகும் என்பதே கண்டியின் இந்த வரலாறு தரும் முடிவு. அந்த இடைவெளிக்குள் சேனைக் குடியானவன் மறைந்தான். அவனுக்குப் பின் வந்த தோட்டத் தொழிலாளியும் மறைந்தான். இருவரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்படி ஆனதும் அதனாலேயே. 1840இன் சட்டம், வாழ்ந்தவனே தான் வாழ்ந்ததை எண்பிக்க வேண்டும் என்று பொறுப்பைச் சுமத்தியது. மலையகக் காணி பற்றிய எந்த நேர்மையான சட்டமும் அந்தப் பொறுப்பை இடம்மாற்றியே தொடங்க வேண்டும்: நிலம் வெறுமையானது என்று சொல்பவரே, சிங்களக் கிராமத்திலும் தமிழ் லயத்திலும் சென்று கேட்டு, அது வெறுமையானதுதான் என்று எண்பிக்கட்டும்.